ஒரு முடியளவு நீட்சி

தோ பாயோ லோரோங் 8இல் ஸ்ரீ வைராவிமட காளியம்மன் கோயிலும், வாகனப் பட்டறைகள் உள்ள தொழிற்பேட்டையும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. வண்டி வாங்கினால் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு முதல் ஓட்டம் ஓட்டுவது நம் வழக்கம். கடல் கடந்து வந்தும் அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. லாரிக்கு ஆபத்து எங்கிருந்து வரும் என்று கேட்டால் நம் முன்னோர் கையைச் சரியாகச் சக்கரத்தின் மேல்தான் வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் காரின் வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டில் முடிகிறது. அதோடு காரைக் கழித்துவிடுகிறவர்கள் ஏராளம். சரக்கு வாகனத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் ஆயுள் 20 ஆண்டு. ஆகவே இந்தத் தீவின் சாலைகளில் முதுமை அடைந்த இரும்பு எங்கே இருக்கிறது என்றால் லாரிகளில்தான். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டர் மழை, சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம், நான்கு பக்கமும் உப்புக்காற்று. பதினைந்து வயது லாரி ஒன்றின் பின்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். நட்டுகளின் மூலை மழுங்கியிருக்கும். சிலவற்றின் அடியிலிருந்து செம்பழுப்புக் கோடு ஒன்று தட்டின் மேல் வழிந்திருக்கும். அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ளத்தான் இந்த அத்தியாயம்.

முதலில் ஒரு கேள்வி. நான்கைந்து டன் சுமையுள்ள சக்கரத்தை அச்சோடு சேர்த்து வைத்திருப்பது எது? ஆணியில் சட்டை தொங்குவதுபோல, அச்சின் நுனியில் உள்ள ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வீல் போல்ட்டுகளின் மேல் சக்கரம் உட்கார்ந்திருக்கிறது, வெளியே வந்துவிடாமல் நட்டு தடுக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பல ஆண்டு லாரி ஓட்டியவர்களும் அப்படி நினைப்பதுண்டு. உண்மை வேறு. போல்ட்டின் உடம்பின் மேல் சக்கரம் உட்காரவே கூடாது. உட்கார்ந்துவிட்டால் அந்த போல்ட்டின் நாள் எண்ணப்படுகிறது.

பெரிய லாரிகளில் இன்று பரவலாக இருக்கும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 10 போல்ட்டு. ஒவ்வொன்றும் 22 மில்லிமீட்டர் விட்டம். மரை ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் ஏறும். 600 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் நட்டை இறுக்கினால், மரையின் சரிவில் நட்டு ஏறி, போல்ட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. எஃகு நீள்கிறது. எவ்வளவு? 50 மில்லிமீட்டர் நீளப் பகுதி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் நீளும். தலைமுடி ஒன்றின் பருமன். அந்த ஒரு முடியளவு நீட்சிதான் எல்லாம். நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கிறது. அந்தத் துடிப்பின் வலு ஒரு போல்ட்டுக்குச் சுமார் 14 டன். பத்து போல்ட்டும் சேர்ந்தால் 140 டன். இத்தனை விசையோடு சக்கரத்தட்டு ஹப்பின் முகத்தோடு அழுத்தப்படுகிறது. இரண்டு இரும்பு முகங்களுக்கு இடையே உராய்வுக் கெழு 0.15 என்றே வைத்தாலும், தட்டை நழுவச் செய்ய 21 டன் தேவை. சக்கரத்தின் மேல் ஏறும் சுமை 5 டன். ஆக, சுமையைத் தாங்குவது உராய்வு. அந்த உராய்வை உண்டாக்குவது அழுத்தம். அழுத்தத்தைக் கொடுப்பது நீட்சி. நட்டின் வேலை போல்ட்டை நீட்டி, நீட்டியபடியே வைத்திருப்பது. அவ்வளவுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு தேய்ந்த நட்டுக்கு வருவோம்.

நாம் ஸ்பேனரில் செலவிடும் முறுக்கத்தில் போல்ட்டை நீட்டப் பயன்படுவது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். பாதி, நட்டின் அடிப்பாகம் தட்டோடு உரசுவதில் போய்விடும். எஞ்சியதில் பெரும்பகுதி மரையும் மரையும் உரசுவதில் போகும். இது நல்ல, புதிய நட்டின் கணக்கு. துருப்பிடித்த மரையில், பள்ளம் விழுந்த அடிப்பாகத்தில், உராய்வு இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர் அதே 600ஐக் காட்டும். ‘டக்’ என்று அதே ஒலி வரும். போல்ட்டில் இருக்கும் இழுவிசையோ 14 டன்னிலிருந்து 7 டன்னுக்கு இறங்கியிருக்கும். பட்டறைத் தோழர் நாணயமாக வேலை செய்திருக்கிறார், கருவியும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் சக்கரம் பாதி இறுக்கத்தில் சாலைக்குப் போகிறது. தேய்ந்த நட்டின் உண்மையான கேடு இதுதான். கையால் ஆட்டிப் பார்த்தால் அசையாது. கழற்றப் போனால் உயிரைக் கொடுத்துக் கழற்ற வேண்டியிருக்கும். அதை இறுக்கத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறோம். அது துருவின் பிடி. துரு எந்தச் சக்கரத்தையும் ஹப்போடு சேர்த்து அழுத்துவதில்லை.

பாதி இறுக்கம் இருந்தால் என்ன, நட்டு தானாகச் சுழன்று வெளியே வந்துவிடுமா? மரையின் சரிவு இங்கே ஒன்றேகால் பாகை அளவுதான். உராய்வைத் தாண்டி வழுக்க வேண்டுமானால் சரிவு 8 பாகையாவது இருக்க வேண்டும். கணக்குப்படி நட்டு ஒருபோதும் தானாகக் கழலக் கூடாது. ஆனால் கழல்கிறது. பொறியாளர்களை நெடுங்காலம் குழப்பிய இந்தப் புதிருக்கு 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்பவர் தெளிவான விடை தந்தார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்குவாக்கில் வரும் அசைவே நட்டைக் கழற்றுகிறது என்று சோதனைக் கருவி செய்து காட்டினார். காரணம் அழகானது. உராய்வு என்பது ஒரே இருப்பு. ஒரு திசையில் நழுவும் வேலைக்கு அது முழுவதும் செலவாகிக்கொண்டிருக்கும் அந்த நொடியில், வேறொரு திசையில் தடுக்க அதனிடம் எதுவும் மிச்சம் இருக்காது. தட்டு ஹப்பின் மேல் நூலளவு குறுக்கே நழுவும்போது, மரையின் உராய்வு அந்தக் கணத்துக்கு மட்டும் காணாமல் போகிறது. ஒன்றேகால் பாகைச் சரிவே அப்போது போதுமானதாகிவிடுகிறது. நட்டு மயிரிழை அளவு திரும்புகிறது. அடுத்த சுழற்சியில் இன்னொரு மயிரிழை.

எத்தனை சுழற்சி? தீவு விரைவுச்சாலை தோ பாயோவின் தெற்கு ஓரமாகத்தான் செல்கிறது. சாங்கியிலிருந்து துவாஸ் பக்கம்வரை ஏறக்குறைய 42 கிலோமீட்டர். ஒரு பதினாலடி லாரியின் சக்கரம் அந்த ஒரு வழியில் சுமார் 17,000 முறை சுழலும். நட்டு முழு இறுக்கத்தையும் இழக்க எவ்வளவு திரும்ப வேண்டும் என்றும் கணக்குப் போடலாம். 0.1 மில்லிமீட்டர் நீட்சியை 1.5 மில்லிமீட்டரால் வகுத்தால் பதினைந்தில் ஒரு சுற்று. 24 பாகை. தட்டும் ஹப்பும் அழுந்தியிருப்பதைச் சேர்த்தால் இன்னும் சில பாகை கூடும். அரைச் சுற்றுகூட வேண்டாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

திரும்பாமலே இறுக்கத்தை இழக்கும் வழியும் உண்டு. சக்கரத்தட்டுக்கு அழகாக இரண்டு கோட்டுப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் மாட்டுகிறார்கள். தட்டுக்கும் ஹப்புக்கும் இடையே சிக்கிய அந்தப் பெயிண்ட் படலம் சுமை ஏறியதும் நசுங்கி வழிகிறது. 0.05 மில்லிமீட்டர் நசுங்கினால் போதும், நீட்சியில் பாதி போயிற்று. துருப்பொருக்கும் அப்படியே, சேறும் அப்படியே. நட்டு இருந்த இடத்திலேயே இருக்கும், போல்ட்டு மட்டும் தளர்ந்திருக்கும். புதுப் பெயிண்ட் பளபளக்கும் சக்கரத்தைக் கண்டால் எனக்கு முதலில் வருவது கவலைதான்.

தளர்ந்த போல்ட்டு உடனே அறுவதில்லை. 1850களிலும் 60களிலும் பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர், ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து ஒன்றைக் கண்டார். ஒரே தடவையில் தாங்கக்கூடிய சுமையைவிட மிகக் குறைந்த சுமையும், லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் இரும்பை உடைத்துவிடும். நன்றாக நீட்டி இறுக்கிய போல்ட்டு இந்த ஏற்ற இறக்கத்தில் சிறு பங்கையே உணர்கிறது. மீதியைத் தட்டின் அழுத்தம் வாங்கிக்கொள்கிறது. தளர்ந்துவிட்டால் முழு ஏற்ற இறக்கமும் அதன் மேல். விரிசல் பெரும்பாலும் நட்டுக்குள் நுழையும் முதல் மரையின் அடியில் பிறக்கும், ஏனென்றால் அந்த ஒரு மரையே மொத்த இழுவையில் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. ஒன்று அறுந்தால் அதன் சுமை இரு பக்கத்து போல்ட்டுகளுக்குப் போகும். அவை ஏற்கெனவே களைத்தவை. அதனால்தான் அறுந்த ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, இரு பக்கத்திலும் உள்ளவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், இரண்டோ அதற்கு மேலோ அறுந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லா போல்ட்டையும் மாற்ற வேண்டும் என்பது தொழில் விதி. கஞ்சத்தனம் செய்யக்கூடாத இடம் இது.

இனி இடப்பக்கச் சக்கரம். பழைய ஜப்பானிய லாரிகளில் ஒரு வினோதம் உண்டு. வலப்பக்க நட்டு வழக்கம்போல் வலஞ்சுழியாக இறுகும். இடப்பக்க நட்டு இடஞ்சுழியாக இறுகும். தெரியாத ஒருவர் ஏர் கன்னைப் பிடித்தால், கழற்றுவதாக நினைத்து இறுக்கி, போல்ட்டையே முறித்துவிடுவார். ஏன் இந்தத் தொல்லை? ஒரு மோதிரத்துக்குள் பென்சிலை விட்டு, மோதிரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, பென்சில் அதன் உள்விளிம்பைத் தொட்டபடி வலஞ்சுழியாக உருளட்டும். பென்சில் தன்னளவில் இடஞ்சுழியாகத் திரும்புவதைக் காண்பீர்கள். கூம்பு வடிவ நட்டு, தட்டின் துளைக்குள் கொஞ்சம் தளர்வாக உட்கார்ந்திருந்தால் இதுவே நடக்கிறது. வண்டி முன்னோக்கிப் போகும்போது, இடப்பக்கச் சக்கரத்தை வெளியே நின்று பார்த்தால் அது இடஞ்சுழியாகச் சுழலும். நட்டு தொடும் இடம் துளைக்குள் அதற்கு எதிராக, வலஞ்சுழியாக நகர்வதால், நட்டு மோதிரத்துப் பென்சிலைப்போல இடஞ்சுழியாக மெல்ல ஊர்ந்து திரும்பும். சாதாரண மரையானால் அது கழலும் திசை. ஆகவே இடப்பக்கத்துக்கு எதிர்மரை.

பின்னால் வந்த பன்னாட்டுத் தர முறை இரு பக்கத்துக்கும் ஒரே மரையை வைத்தது. கூம்புக்குப் பதில் தட்டையான அடியும், நட்டோடு பிணைந்த வாஷரும். முழு அழுத்தம் இருந்தால் நழுவலே கிடையாது, நழுவல் இல்லையென்றால் ஊர்தலும் இல்லை என்பது அதன் நியாயம். நியாயம் சரிதான். ஆனால் அழுத்தம் குறைந்த நாளில், இடப்பக்கத்துக்கு முன்பிருந்த காவல் இப்போது இல்லை. ஜப்பான் 2010 வாக்கில் இந்த முறைக்கு மாறியது. அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில், 2022 நிதியாண்டில் மட்டும் கனரக வாகனங்களின் சக்கரங்கள் 140 முறை கழன்றிருக்கின்றன. பெரும்பாலானவை இடப்புறப் பின்சக்கரங்கள். பனிக்கால டயர் மாற்றும் பருவத்தில்தான் அவை குவிகின்றன, அதாவது கை பட்டதற்குப் பின்னால். மரை மட்டும் காரணம் அல்ல. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடப்புறத் திருப்பம் குறுகலானது; பின்சக்கரம் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே முறுக்கப்படுகிறது. மழைநீர் வடியச் சாலை இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் சுமையும் அந்தப் பக்கம் கூடுகிறது. முன்சக்கரம் தளர்ந்தால் ஸ்டியரிங் உதறி ஓட்டுநருக்குச் சொல்லிவிடும். பின்சக்கரம் சொல்லாது. சிங்கப்பூரும் இடப்பக்கம் ஓட்டும் நாடு. பனி இல்லை, டயர் மாற்றும் பருவமும் இல்லை. இங்கே நட்டு நெடுங்காலம் தொடப்படாமல் கிடந்து துருவேறுகிறது. நோய் வேறு, முடிவு ஒன்றே.

பழைய ஜப்பானிய இரட்டைச் சக்கரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. அதில் உள்சக்கரத்துக்கு ஓர் உள்நட்டு. அந்த உள்நட்டின் வெளிப்புறத்திலேயே மரை வெட்டி, அதன் மேல் வெளிச்சக்கரத்துக்கான வெளிநட்டு ஏறும். உள்நட்டை இறுக்க வேண்டுமானால் முதலில் வெளிநட்டைத் தளர்த்த வேண்டும். பாதி நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தளர்த்தி, உள்நட்டை இறுக்கி, வெளிநட்டைத் திரும்ப இறுக்கி, பிறகு மற்ற பாதி. அவசரத்தில் வெளிநட்டை மட்டும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போவது எளிது. கண்ணுக்குத் தெரியாத உள்சக்கரம் அப்படியே விடப்படுகிறது.

கழன்ற சக்கரம் என்ன செய்யும் என்பதற்கு யோகோஹாமாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2002 ஜனவரி 10 அன்று, அந்நகரின் சேயா வட்டாரத்தில், கனரக இயந்திரம் ஏற்றிச் சென்ற மிட்சுபிஷி லாரியின் சக்கரம் ஒன்று பிய்த்துக்கொண்டு உருண்டது. நடைபாதையில் தன் இரு பிள்ளைகளோடு நடந்துகொண்டிருந்த 29 வயதுத் தாயின் மேல் மோதியது. தாய் இறந்தார். பிள்ளைகள் காயமடைந்தனர். சரியாகப் பராமரிக்காததுதான் காரணம் என்று நிறுவனம் சாதித்தது. பழி லாரிக்காரர்கள் மேலும் பட்டறைகள் மேலும் விழுந்தது. 2004இல், ஹப்பின் வடிவமைப்பிலேயே குறை இருந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டு வண்டிகளைத் திரும்ப அழைத்தது. நட்டைச் சரியாக மாற்றி, இறுக்கிய அளவை எழுதி வைக்கும் பட்டறையின் பதிவேடு, அப்படியொரு நாளில் எளிய மனிதருக்கு இருக்கும் ஒரே சாட்சி. பதிவு எழுதுவதை வீண்வேலை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாற்றும் வேலைக்கு வருவோம். நட்டைக் கழற்றியதும், கம்பித் தூரிகையால் மரையைச் சுத்தம் செய்துவிட்டு, கையால் மட்டும் போட்டுச் சுழற்றிப் பார்க்க வேண்டும். முழு நீளமும் விரலால் ஓடவில்லையென்றால் நட்டோ போல்ட்டோ கெட்டிருக்கிறது. போல்ட்டின் மரை நடுவில் ஒடுங்கியதுபோல் தெரிந்தால் அது மீள முடியாத அளவு நீண்டுவிட்டது. தூக்கி எறிய வேண்டியதுதான். இருநட்டு அல்லாத புதிய வகையில், வாஷர் நட்டோடு இருந்தபடியே தாராளமாகச் சுற்ற வேண்டும். அது இறுகிப்போயிருந்தால் தட்டைச் சுரண்டும். முறுக்கமெல்லாம் அதிலேயே செலவாகும். தட்டின் துளை நீள்வட்டமாகியிருந்தால் எந்தப் புது நட்டும் உதவாது, தட்டையே மாற்ற வேண்டும். அடியிலிருந்து வழியும் அந்தச் செம்பழுப்புக் கோடு, தட்டு நழுவி நழுவி உரசி உதிர்ந்த இரும்புப் பொடி மழையில் கரைந்து வழிந்தது. கோடு உள்ள சக்கரம் அசைந்துகொண்டிருந்த சக்கரம்.

புது நட்டு அதே விட்டம், அதே மரை, அதே வகை அடி உடையதாக இருக்க வேண்டும். கூம்பு நட்டை இன்னொரு வகைத் தட்டுக்குப் போட்டால் ஏறும், இறுகும், ஆனால் தொடும் பரப்பு ஒரு மெல்லிய வளையம்தான். ஹப்பின் முகமும் தட்டின் முகமும் வெறும் இரும்பாக, பெயிண்டும் கிரீஸும் இன்றி இருக்க வேண்டும். எண்ணெய் மரைக்கு இரண்டு சொட்டு, வாஷர் உள்ள நட்டில் வாஷருக்கும் நட்டுக்கும் இடையே ஒரு சொட்டு. தட்டில் எண்ணெய் படக் கூடாது. முதல் சில சுற்றுகள் கையால்தான்; ஏர் கன்னால் தொடங்கினால் மரை மாறி ஏறும். பிறகு எதிரெதிராக, இரண்டு மூன்று தவணைகளில். கடைசி இறுக்கம் முறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரில், உற்பத்தியாளர் கையேட்டில் உள்ள அளவுக்கு.

ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஏறி மிதிக்கும் பழக்கம் நம் லாரிக்காரர்களிடம் உண்டு. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கும் அதையே செய்கிறார்கள். 70 கிலோ மனிதர் ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் நின்றால் கிட்டத்தட்ட 690 நியூட்டன் மீட்டர். 22 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு அது சற்றே அதிகம். சிறிய லாரியின் மெல்லிய போல்ட்டுக்கு அது கொலை. எஃகு மீளும் எல்லையைத் தாண்டி நீண்டுவிடும், அப்புறம் அது சுருங்கி அழுத்தாது. அவர்களின் கை அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 0.1 மில்லிமீட்டரைக் காலால் உணர முடியாது.

சிங்கப்பூர் லாரிகளில் சரக்கு மட்டும் போவதில்லை. காலை இருட்டில் தங்கும் விடுதிகளிலிருந்து கட்டுமானத் தளங்களுக்குப் பின்தட்டில் உட்கார்ந்து போகிறவர்களில் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பிள்ளைகள் எத்தனையோ பேர். சரக்கு லாரியில் ஆள் ஏற்றுவதை நிறுத்த வேண்டும் என்பதே என் கருத்து. அது நடக்கும்வரை அந்த லாரியின் நட்டு மற்ற லாரிகளின் நட்டைவிடக் கடுமையாகப் பார்க்கப்பட வேண்டும். கட்டாயப் பரிசோதனை நிலையம் வண்டியைப் பார்ப்பது பல மாதங்களுக்கு ஒருமுறை. ஓட்டுநர் பார்ப்பது தினமும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 1997இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வணிக வாகனத்தின் சக்கரம் கழன்றால் அதுவே குற்றம். கவனமாகத்தான் இருந்தோம் என்ற வாதம் எடுபடாது. அபராதம் 50,000 கனடிய டாலர்வரை. கடுமையான சட்டம். ஆனால் சக்கரத்தின் பொறுப்பை நிறுவனத்தின் மேசைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

பேருந்துகளின் சக்கர நட்டுகளில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் அம்புகளைப் பார்த்திருப்பீர்கள். அடுத்தடுத்த நட்டுகளின் அம்புகள் ஒன்றையொன்று நோக்கியிருக்கும். ஒரு நட்டு திரும்பினால் அம்பு விலகும். முன்பு சொன்ன 24 பாகை விலகல் தூரத்திலிருந்தே கண்ணில் படும். லாரிகளுக்கும் இதை மாட்டலாம், மலிவானது, நல்லது. ஆனால் அது காட்டுவது திரும்பிய நட்டை மட்டுமே. பெயிண்டும் துருவும் நசுங்கி, நட்டு திரும்பாமலே தளர்ந்த போல்ட்டை எந்த அம்பும் காட்டாது. அதற்கு ஒரே வழி, நட்டு மாற்றிய வண்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ஸ்பேனரை மறுபடி வைப்பதுதான். தோ பாயோவிலிருந்து துவாஸுக்குப் போய்த் திரும்பினால் அந்தத் தூரம் வந்துவிடும். சக்கரம் ஆறியபின், சுமை இறக்கியபின், அதே அளவில், அதே எதிரெதிர் வரிசையில். இரட்டைச் சக்கரமானால் உள்நட்டிலிருந்து தொடங்கி. ஒரு நட்டு சற்றே திரும்பி நின்றால் அது புதுப் பரப்புகள் படிந்ததன் விளைவு, எதிர்பார்த்ததுதான். அதே நட்டு அடுத்த வாரமும் திரும்பினால் சக்கரத்தைக் கழற்றி, தட்டுக்குப் பின்னால் என்ன சிக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.